ஆதித்யனா, ஆதித்தனா? பிள்ளையின் பெயரை எப்படி எழுதுவது

ஆடுதுறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆண் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகிறது. சூரியனார் கோயிலில் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை, அதனால் சூரியன் பெயர்தான் என்பதில் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தகராறு எழுத்தில்தான். மனைவிக்கு ‘ஆதித்யா’ பிடித்திருக்கிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான மாமனார் ‘ஆதித்தன்’ என்று பிடிவாதமாக இருக்கிறார். ‘ஆதித்யன்’ என்று நடுவில் ஒரு சமாதானமும் ஓடுகிறது. ஆங்கிலத்தில் எழுதப்போனால் இன்னும் சிக்கல். எண்கணிதம் பார்ப்பவர் முன்னால் இரண்டு ஏ போட்டு, நடுவில் ஒரு ஹெச்சையும் செருகி, கூட்டுத்தொகை 23 வரவைத்துக் கொடுத்திருக்கிறார். மஸ்கட்டில் இருக்கும் அண்ணன், ‘ஹெச்சே வேண்டாம், இங்கே ஒருத்தனும் சரியாகப் படிக்க மாட்டான்’ என்கிறார். எதை எழுதுவது, பின்னால் மாற்றிக்கொள்ளலாமா என்பது கேள்வி.

நான் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பத்தாம் வகுப்பு நாமினல் ரோல், அதாவது பொதுத்தேர்வுக்குப் போகும் பெயர்ப் பட்டியல், பத்தொன்பது வருடம் என் பொறுப்பில் இருந்தது. ஒரே பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று கேட்டால் விடியவிடியப் பேசுவேன். அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தமிழில் ஆதித்தன். ஆங்கிலத்தில் ஏழே எழுத்து, அது எது என்று கீழே வருகிறது. அவசரம் என்றால் அங்கே தாவிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளைத் தமிழில் சொல்லும்போது ஒரு வில்லங்கம் இருக்கிறது. இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

“பேர்ல டி வருதா, டி வருதா சார்?”

“டி தாம்மா.”

“அதான் சார், எந்த டி?”

கடைசியில் ‘டெல்லி டி’, ‘டைகர் டி’ என்றுதான் முடியும். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

முதலில் தமிழை முடித்துவிடுவோம். இப்போது பல வீடுகளில் தலைகீழாக நடக்கிறது. கைப்பேசியில் தேடி ஆங்கிலத்தில் பெயரைப் பிடித்துவிட்டு, தமிழ் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். தானாக வருவது எதுவென்று பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பெயர் தாரணி. ஆங்கிலத்தில் டெல்லி-டி, ஹெச், அப்புறம் ஒற்றை ஏ. ஆதார் அட்டை வந்தபோது தமிழ் வரியில் ‘தரணி’ என்று இருந்தது. தரணி என்பதும் நல்ல பெயர்தான், ஆனால் அது அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழை எழுதினால் குறில் நெடிலும், ணகர னகரமும், லகர ளகர ழகரமும் குலுக்கல் சீட்டு மாதிரிதான் விழும். தமிழை முடிவு செய்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால், ஆங்கிலத்தில் எது தவறினாலும் திரும்பிப் பார்க்க ஒரு மூலம் இருக்கும்.

ஆதித்யா, ஆதித்யன், ஆதித்தன் மூன்றையும் வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். ‘த்ய’ என்ற கூட்டு நம் வாயில் நிற்காது. சத்யா சத்தியா ஆகிறாள், வித்யா வித்தியா ஆகிறாள். உங்கள் பையனும் தெருவில் ‘ஆதித்தியா’ ஆவான், அப்புறம் ‘ஆதி’ ஆவான். ஆதித்தன் என்றால் எழுதியதும் சொல்வதும் ஒன்று. உங்கள் மனைவிக்கு அது பழங்காலப் பெயராகப் படலாம். பழங்காலம்தான், ஆனால் எப்பேர்ப்பட்ட காலம்! ஆதித்த சோழன், ஆதித்த கரிகாலன் என்றுதான் வரலாற்றில் படிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமையை ஆதித்தவாரம் என்று சொன்ன கிழவிகளை நானே பார்த்திருக்கிறேன். மாமனார் தனித்தமிழுக்காகப் பிடிவாதம் பிடிக்கிறார் என்று நினைக்காதீர்கள். சொல் வடமொழியிலிருந்து வந்ததுதான், ஆனால் இந்த ஆற்றங்கரையில் ஆயிரம் வருடம் புரண்டு உருண்டையான கூழாங்கல் அது.

இதே ஊர்ப்பக்கத்தில் இன்னொரு பெயர் எப்படி நிலைத்தது என்று சொல்கிறேன். பாபநாசத்துக்குப் பக்கம் உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855-இல் பிறந்த ஒருவருக்கு வைத்த பெயர் வேங்கடராமன். 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போனார். வேறு பெயர் ஏதும் உண்டா என்று பிள்ளை கேட்டார். வீட்டில் ‘சாமா’ என்று கூப்பிடுவார்கள், அது ஸ்வாமிநாதன் என்பதன் சுருக்கம் என்று பதில் வந்தது. அப்படியானால் சாமிநாதன் என்றே இருக்கட்டும் என்றார் ஆசிரியர். அவர்தான் உ.வே.சாமிநாதையர். சுவாமிமலை முருகனின் பெயர்தான், ஆனால் ‘ஸ்வா’ போய் ‘சா’ வந்தது. இன்றைக்கும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எஸ் டபிள்யூ போட்டுத்தான் எழுதுகிறார்கள். தமிழில் அவர் சாமிநாதன்தான். இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

இதை வைத்து நான் கிரந்த எழுத்துக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே ராஜராஜன் பெயரில் கிரந்த எழுத்து இருக்கிறது. ஜெயந்தியைச் செயந்தி என்று எழுதினால் அந்தக் குழந்தை பத்து வருடம் கேலிக்கு ஆளாகும், எழுதிய தாத்தா ஒரு நாள்கூட ஆக மாட்டார். என் கணக்கு எளிது: வீட்டில் பெயரை ‘ஜ’ என்று கூப்பிட்டால் ‘ஜ’ எழுதுங்கள், ‘ச’ என்று கூப்பிட்டால் ‘ச’. தியாகராஜன் திருவாரூர்க்காரர்கள் வாயில் தியாகராஜன்தான், யாரும் தியாகராசா என்று கூப்பிடுவதில்லை. இராமனுக்கு முன்னால் வரும் இகரமும் அப்படித்தான். ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற இலக்கணம் சரி. ஆனால் ‘ரா.’, ‘இரா.’ என்று அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு இன்ஷியல் வைத்துக்கொண்டால் எந்த இலக்கணமும் காப்பாற்றாது.

லட்சுமியைக் கேட்கவே வேண்டாம். லட்சுமி, லக்ஷ்மி, இலட்சுமி, இலக்குமி, அப்புறம் நம் பக்கத்து லெட்சுமி. இந்த லெட்சுமியைப் பிழை என்று சிவப்பு மையால் திருத்துகிற ஆசிரியர்களோடு எனக்கு எப்போதும் சண்டை. தஞ்சாவூர்ப் பக்கம் அது பிழை இல்லை, அப்படித்தான் வாயில் வருகிறது. மலேசியாவில் இருக்கும் நம் சொந்தங்களைப் பாருங்கள், எல்-இ என்று தொடங்கித்தான் லெட்சுமியை எழுதுகிறார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது வாயில் என்ன ஒலி இருந்ததோ அதுதானே அங்கேயும் காகிதத்தில் ஏறும்?

ஆனால் சில இடங்களில் எழுத்து மாறினால் ஆளே மாறிவிடுவார். மாறன் பாண்டியன், மாரன் மன்மதன். அகிலன் என்பது அகிலத்திலிருந்து வந்த பெயர். அதை ‘அகிழன்’ என்று எழுதுகிற புது வழக்கத்துக்குப் பொருளே இல்லை, ழகரம் இருந்தால் தமிழ் மணக்கும் என்ற நினைப்புதான் காரணம். கலைச்செல்வி, தமிழ்ச்செல்வி, இந்த ‘ச்’ சான்றிதழுக்குச் சான்றிதழ் காணாமல் போகும். ஆங்கிலத்தில் கலைச்செல்வியை எஸ் போட்டு எழுதியே பழகிவிட்டதால், அதைப் பார்த்துத் தமிழில் ஏற்றுகிறவர் ‘கலைசெல்வி’ என்று முடித்துவிடுகிறார். வல்லினம் மிகுந்தால் அங்கே ‘ச’ அழுத்தி ஒலிக்கும், உண்மையில் சி ஹெச் போட வேண்டிய இடம். அப்படி எழுதியிருந்த ஒரே ஒரு மாணவி எனக்கு நினைவிருக்கிறாள். அப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவர்.

எழுத்து மாறிக் கதையே மாறியதற்கு உங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் திருநாகேசுவரத்திலேயே சாட்சி உண்டு. தனக்கு ஒப்பில்லாத அப்பன் என்பதால் ஒப்பிலியப்பன். நம்மாழ்வார் பாசுரத்தில் ‘தன்னொப்பாரில் அப்பன்’ என்று வருகிறது. ஒகரம் மக்கள் வாயில் உகரமாகி உப்பிலியப்பன் ஆனார். உப்பு இல்லாத அப்பன் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. மார்க்கண்டேயர் மகளுக்கு உப்புப் போட்டுச் சமைக்கத் தெரியாது என்றபோது, பெருமாள் உப்பில்லாமலே ஏற்றுக்கொண்டாராம். இன்றுவரை அங்கே நைவேத்தியத்தில் உப்புக் கிடையாது. பேரன்களுக்கு ஒப்பிலி என்றும் உப்பிலி என்றும் இரண்டு விதமாகவும் பெயர் வைத்திருக்கிறார்கள். எது சரி என்று கேட்டால் ஒப்பிலிதான் மூலம் என்பேன். ஆனால் உப்பிலியைத் திருத்தச் சொல்ல மாட்டேன். உப்பில்லாத பிரசாதத்தைக் கையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அதை எப்படிப் பிழை என்று சொல்வது?

சரி, ஆங்கிலத்துக்கு வருவோம். இங்கேதான் உங்கள் அண்ணன் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது.

நாம் டைகர்-டியைத் தனியாகப் போட்டால் ‘ட’, பக்கத்தில் ஹெச் போட்டால் ‘த’ என்று ஒரு ஒப்பந்தத்தில் வாழ்கிறோம். வடக்கே அப்படி இல்லை. அவர்களுக்கு டைகர்-டி ஒன்றே ‘த’. ஹெச் சேர்ந்தால், மூச்சை விட்டு அழுத்திச் சொல்லும் வேறொரு தகரம். அதனால்தான் நம் அனிதாவுக்கும் லதாவுக்கும் ஹெச் இருக்கிறது, வடக்கத்தி அனிதாவுக்கும் லதாவுக்கும் இல்லை. ஹெச் இல்லாமல் எழுதினால் நம் ஊர் வகுப்பறையில் கவிதா ‘கவிடா’ ஆவாள். ஹெச்சோடு எழுதினால் வடக்கே இந்தியில் எழுதுகிறவர் வேறு எழுத்தைப் போடுவார். இரண்டு பக்கமும் சரியாக வரும் வழி கிடையாது. யார் வாயில் அதிகம் புழங்கப்போகிறது என்று பார்த்து ஒரு பக்கம் சாய வேண்டியதுதான். பிள்ளை முதல் பதினெட்டு வருடம் ஆடுதுறை, கும்பகோணம், மிஞ்சிப்போனால் திருச்சி. அதனால் ‘த்த’ வரும் இடத்தில் ஹெச் இருக்கட்டும்.

முன்னால் வரும் ‘தி’க்கு டெல்லி-டி மட்டும் போதும். அதற்கும் ஹெச் கொடுத்தால் ஒரே பெயரில் இரண்டு ஹெச் ஆகி, தட்டச்சு செய்கிறவர் எதையாவது ஒன்றை விழுங்கிவிடுவார். டெல்லி-டியை மட்டும் போட்டால் ‘ஆடித்தன்’ என்று படிப்பார்களோ என்ற பயம் வேண்டாம். ஆதித்யா என்ற பெயர் நாடு முழுக்கப் பழகிவிட்டது, கண் தானாகத் திருத்திக்கொள்ளும்.

அடுத்து ஒரு ஏவா, இரண்டா? தாரணி போன்ற பெயருக்கு இரண்டு ஏ நியாயம், ஒன்று போனால் வேறு பெயராகிவிடுகிறது. ஆதித்தனுக்கு அந்த ஆபத்து இல்லை, ‘அதித்தன்’ என்று ஒரு பெயரே கிடையாது. ஒற்றை ஏவைப் பார்த்து யாராவது அதித்தன் என்று படித்தால், ஒரு தடவை திருத்தினால் போதும். இரண்டு ஏ போட்டுவிட்டால் வங்கியில், விமான டிக்கெட்டில், கூரியர்காரரிடம் ‘டபுள் ஏ, டபுள் ஏ’ என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆக: ஏ, டெல்லி-டி, ஐ, டைகர்-டி, ஹெச், ஏ, என். ஏழு எழுத்து.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சோதனை செய்யுங்கள். பெயரை எழுதிக் காட்டாமல் மூன்று பேரிடம் போனில் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஒருவர் கடைக்காரர், ஒருவர் கல்லூரி படிக்கும் பிள்ளை, ஒருவர் வெளியூர்க்காரர் என்று இருக்கட்டும். இரண்டு பேர் எழுதுவது எதுவோ அதற்குக் கிட்டத்தில் இருங்கள். ரயில் டிக்கெட்டிலோ ஆஸ்பத்திரி சீட்டிலோ உங்கள் மகன் பெயரை முதல் தடவை காதால் கேட்டு எழுதப்போகிறவர்கள் அவர்களைப் போன்றவர்கள்தான்.

எந்த எழுத்து எந்த ஒலி என்பது இயற்கையின் சட்டம் இல்லை, யாரிடம் கற்றோம் என்பதுதான். இதற்கு நல்ல சாட்சி நாகூரைத் தாண்டி வாஞ்சூருக்கு அந்தப் பக்கம். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர். அங்கே பழைய காகிதத்தில் முருகனைப் பாருங்கள்: எம்-ஓ-யு, ஆர்-ஓ-யு, ஜி-ஏ-என், கடைசியில் ஒரு இ. நம் ஆள் அதை ‘மவுரவுகேன்’ என்று படித்துவிட்டுச் சிரிப்பார். ஆனால் அது பிரெஞ்சு முறையில் அச்சு அசல் முருகன்தான். பிரெஞ்சில் வெறும் யு போட்டால் நம் உகரம் வராது, அதனால் ஓ-யு. கடைசியில் என் மட்டும் நின்றால் மூக்கொலியாகிக் கரைந்துவிடும், அதனால் பின்னால் ஒரு இ. கோவிந்தசாமிக்கும் ராமசாமிக்கும் இரண்டு எஸ், ஏனென்றால் இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் பிரெஞ்சில் அது ‘ஃஜ’ மாதிரி ஆகிவிடும். கலியபெருமாள் அங்கே சி-யில் தொடங்குவார், பெருமாளில் ஓ-யு வரும். நம் பக்கத்துக் கலியபெருமாள் கே-யில். சம்பந்தி வீடு எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தால் கல்யாணப் பத்திரிகையில் ஒரே குலசாமியின் பெயர் இரண்டு எழுத்தில் வரும்.

இந்தப் பக்கமும் தனி முத்திரைகள் உண்டு. நாகூர் தர்காவின் பக்கிரி, இந்து வீடுகளிலும் பக்கிரிசாமியாக இருக்கிறார், இதுவே கீழத்தஞ்சையின் அழகு. அவரைச் சி-கே போட்டும் எழுதுவார்கள், இரண்டு கே போட்டும் எழுதுவார்கள், ஒற்றைக் கேயோடும் விட்டுவிடுவார்கள். வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா பெயரில் வரும் ஆரோக்கியசாமிக்கும் ஆரோக்கியமேரிக்கும் அதே சி-கே. சாகுல் ஹமீதை எஸ்-ஹெச் போட்டு, வெறும் எஸ் போட்டு, ஹெச்சுக்குப் பதில் ஜி போட்டு, மூன்று விதமாக ஒரே வகுப்பில் எழுதியிருக்கிறேன். மூன்றும் அந்தந்த வீட்டுக்காரர்கள் சொன்னபடிதான்.

யாழினி, மகிழன் என்று ழகரப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இசட்-ஹெச் என்பது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டும் புரியும் சங்கேதம். வெளியே ‘இசட்’ என்றே படிப்பார்கள். ஈழத்தமிழர் பலர் எல் போட்டு எழுதுகிறார்கள். இங்கே வளரும் பிள்ளைக்கு இசட்-ஹெச்சே இருக்கட்டும் என்பது என் எண்ணம், ஏனென்றால் பள்ளியில் எல் போட்டால் யாழினி யாளினி ஆகிவிடுவாள். ஊர்ப்பெயர்களையே நம்மால் தீர்க்க முடியவில்லை. 2020 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டது, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. நம் ஆற்றுக்கே தமிழில் காவிரி, காவேரி என்று இரண்டு, ஆங்கிலத்தில் சி, கே என்று இரண்டு. 1990-இல் அமைத்த நடுவர் மன்றமும் 2018-இல் வந்த மேலாண்மை ஆணையமும் சி-யில்தான் ஓடுகின்றன. பெண் குழந்தைக்கு வைக்கும்போது பெரும்பாலும் சி போடுவதில்லை.

எண்கணிதத்துக்கு அதிகம் செலவழிக்கப் போவதில்லை. அவர் என்ன செய்தார் என்று மட்டும் காட்டுகிறேன். அந்த முறையில் ஏ, ஐ, ஒய்க்கு 1, டெல்லி-டிக்கும் டைகர்-டிக்கும் 4, ஹெச்சுக்கும் என்னுக்கும் 5. ஆதித்யாவை ஒற்றை ஏ, ஒற்றை ஹெச்சோடு எழுதினால் 17, கூட்டினால் 8. எட்டு சனி என்று ஆகாது என்பார்கள். ஒரு ஹெச் சேர்த்தால் 22, இன்னொரு ஏ சேர்த்தால் 23. அவ்வளவுதான் ரகசியம், ஹெச் ஐந்து ரூபாய் நோட்டு, ஏ ஒரு ரூபாய்ச் சில்லறை. தமிழில் எப்படி எழுதினாலும் இந்தக் கணக்கு கண்டுகொள்ளாது என்பதுதான் எனக்கு வேடிக்கை. சூரியனார் கோயில் சூரியன் தமிழில் பெயர் சொன்னால் கேட்க மாட்டாரா என்ன? வீட்டில் பெரியவர்கள் மனம் ஆற வேண்டும் என்றால், நான் சொன்ன ஏழு எழுத்தைக் கூட்டிப் பாருங்கள்: 21, அதாவது 3. மூன்று குருவின் எண், தட்சிணாமூர்த்தியைக் குருவாக வணங்கும் ஆலங்குடி பக்கத்தில்தான் இருக்கிறது. இதைச் சொல்லி எண்கணிதக்காரரையும் அனுப்பிவிடலாம்.

குருவென்றதும் என் கதை ஒன்று. என் அப்பா பெயர் தெட்சிணாமூர்த்தி. ஆலங்குடியைச் சுற்றி தெருவுக்கு ஒரு தெட்சிணாமூர்த்தி உண்டு. திருக்குவளையில் 1924-இல் பிறந்த கலைஞர் கருணாநிதிக்கும் முதலில் வைத்தது தட்சிணாமூர்த்திதான். அப்பா ஆங்கிலத்தில் டெல்லி-டி போட்டுக் கையெழுத்திடுவார். என்னைப் பள்ளியில் சேர்த்தபோது எழுதிக்கொண்டவர் காதில் ‘தெ’ என்று விழுந்ததும் டைகர்-டி, ஹெச் என்று எழுதிவிட்டார். என் இன்ஷியல் டைகர்-டி ஆனது. பிறகு வேலையில் சேர்ந்தபோது அப்பா காகிதத்தைப் பார்த்து எழுதியதில் டெல்லி-டி. முப்பது வருடம் யாரும் கவனிக்கவில்லை. ஓய்வூதியக் காகிதம் ஓர் அலுவலகத்தில் ஏழு மாதம் நின்றது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், “ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு எப்படி நம்புறது?” என்று கேட்டார். நான் என்னைப் பார்த்துக்கொண்டேன். உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கி, நானும் நானும் ஒருவரே என்று நிரூபித்தேன். தமிழில் இரண்டுமே ‘தெ.’ என்பதை அவர் கோப்பில் எங்கும் குறிக்க இடமில்லை.

இதனால்தான் எந்த எழுத்து என்பதைவிட எல்லாக் காகிதத்திலும் ஒரே எழுத்து என்பதில் நான் கறாராக இருப்பேன். நடைமுறை இப்படி. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதை ஆஸ்பத்திரியிலேயே செய்திருப்பார்கள், பெயர் இல்லாமல். பெயரைப் பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு. அதனால் அவசரம் இல்லை, மூன்று மாதம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக்கூடப் போகலாம். ஆனால் ஒருமுறை ஏற்றிவிட்டால் எழுத்துப்பிழையைத் திருத்தலாமே தவிர, மனம் மாறியதற்கெல்லாம் மாற்ற மாட்டார்கள். முன்பு பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழே பள்ளிச் சேர்க்கையிலிருந்து வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், ஆதார் வரை பிறப்புக்கு ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. முன்னாடி எங்கள் நாமினல் ரோலில் நடந்த திருத்தமெல்லாம் இப்போது தொட்டில் நாளிலேயே முடிய வேண்டும்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். இரண்டையும் குழந்தையாக இருக்கும்போதே செலவழித்துவிடாதீர்கள், கல்யாணம் காட்சி என்று அவனுக்கும் ஏதாவது வேண்டியிருக்கும். வளர்ந்த பிறகு மாற்றுவதென்றால் அரசிதழ்தான் வழி. அதிலும் பழைய மதிப்பெண் பட்டியலில் பெயர் மாறாது, அரசிதழ் நகலைக் கூடவே வைத்து நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டில் இன்ஷியல் எடுபடாது, விரித்து எழுத வேண்டும். அதாவது உங்கள் பெயர் அவன் பெயரோடு முழுசாகப் போகும். ஒற்றைப் பெயரோடு விட்டுவிடலாமே என்று நினைத்தால், 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று சொல்லிவிட்டது. உங்கள் அண்ணனுக்கு இது தெரிந்திருக்கும்.

பெயர் சேர்க்கப் போகும் நாளில் வாயால் சொல்லாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் மேலே தமிழில், கீழே ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி, அப்பா அம்மா பெயரையும் அவரவர் ஆதாரில் இருக்கிறபடியே எழுதி, தாளைக் கொடுங்கள். திரையில் ஏற்றியதும் திருப்பிக் காட்டச் சொல்லி எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

கேள்வியின் அடியில் உங்கள் பெயரைப் பார்த்தேன், தம்பி. அதுவும் ‘த’வில்தான் தொடங்குகிறது. தமிழில் பிள்ளைக்கு இன்ஷியல் ‘த.’, சரி. ஆங்கிலத்தில் டெல்லி-டியா, டைகர்-டியா? உங்கள் பாஸ்போர்ட், ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மூன்றையும் இன்று ராத்திரியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒன்றாக இல்லையென்றால், ஆதித்தனுக்கு முன்னால் உங்களுடையதைத் திருத்துங்கள்.